சாதனையும் சான்றும்

ஓடுதலும் பாய்தலும் எறிதலும் மனித குலத்தோடு உடன்பிறந்தவை. உலக சாதனை என்பதோ மிக அண்மைக் காலத்தது. பண்டைக் கிரேக்கர் ஒலிம்பியாவில் ஓடினர். வென்றவன் பெயரைப் பாடிப் போற்றினர். ஆயினும், அவன் எத்துணை நேரத்தில் ஓடி முடித்தான் என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை. செக்கனைக் கூறுபடுத்தி அளக்கும் கருவி அவர்களிடம் இருந்ததில்லை. உடன் ஓடுபவனை வென்றாற் போதும் என்பதே அக்காலத்தார் கருத்து. வேறொரு நாட்டில், வேறொரு நாளில் ஓடிய, முகமறியாத ஒருவனையும் வெல்லலாம் என்னும் எண்ணம் நிறுத்தற் கடிகாரத்தோடுதான் பிறந்தது.

கண்முன் இல்லாதவனோடு போட்டியிடுவதாயின், இருவர்க்கும் பொதுவான அளவுகோல் வேண்டும். அதனை நம்பத்தக்க நடுவரும் வேண்டும். இத்தேவையை நிறைவேற்றவே 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் தோன்றியது. அவ்வாண்டு ஒலிம்பிக் விழாவில் அமெரிக்கரான டொனால்ட் லிப்பின்கொட் 100 மீற்றர் தூரத்தை 10.6 செக்கனில் ஓடினார். சம்மேளனம் ஏற்றுக்கொண்ட முதலாவது 100 மீற்றர் உலக சாதனை அதுவே. பெண்களுக்கு அவ்வேட்டில் அப்போது இடமில்லை. பிரான்சு நாட்டு அலிஸ் மிலியா அம்மையாரின் முயற்சியால் 1921இல் பெண்களுக்கெனத் தனிச் சம்மேளனம் அமைந்த பின்னரே அவர்கள் ஆற்றலும் முறையாகப் பதிவு பெற்றது.

ஒரு செயல் சாதனையாவதற்கு வீரனின் வலிமை மட்டும் போதாது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் பல உள. ஓடுபவனின் முதுகுப்புறம் வீசும் காற்று அவனை முன்தள்ளும். ஆகவே குறுந்தூர ஓட்டங்களிலும், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் ஆகியவற்றிலும், பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேற்படின் சாதனை ஏற்கப்படாது என்று விதி செய்தனர்.

கடிகாரத்தை அமுக்கும் கைவிரலும் பிழை செய்யக்கூடியதே. தொடக்கத்தில், துப்பாக்கியின் புகையைக் கண்ட பின்னரே நேரக் கணிப்பாளரின் விரல் அசைகிறது. முடிவிலோ, வீரன் கோட்டை நெருங்குவதைக் கண்டு விரல் முன்கூட்டியே ஆயத்தமாகிறது. இதனால் ஏறத்தாழக் காற் செக்கன் குறைந்து போகும். ஜேர்மனியரான ஆர்மின் ஹாரி 1960இல் 10.0 செக்கன் ஓடியது கைக்கடிகாரக் கணக்கு. ஜிம் ஹைன்ஸ் 1968இல் மெக்சிக்கோ நகரில் ஓடிய 9.95 செக்கன் மின்கருவிக் கணக்கு. 1977 முதல் 400 மீற்றர் வரையிலான ஓட்டங்களுக்கு மின்கருவிக் கணக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்றாயிற்று.

மனவுறுதியின் சிறப்பைக் காட்டும் வரலாறு ஒரு மைல் ஓட்டத்தினது. உலகப் போர்க் காலத்தில், நடுநிலை நாடான சுவீடனைச் சேர்ந்த குண்டர் ஹேக், ஆர்னே அண்டர்சன் என்னும் இருவரும் மாறிமாறிச் சாதனை படைத்தனர். 1945இல் ஹேக் 4 நிமிடம் 1.4 செக்கனில் ஓடினார். எஞ்சிய ஒன்றரைச் செக்கனைக் கடக்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 1954 மே 6ஆந் திகதி, மருத்துவ மாணவரான ரொஜர் பனிஸ்டர் ஒக்ஸ்போட் நகரில், பிரஷர், சட்டவே ஆகிய தோழர் இருவர் முன்னோடி வேகங் காட்ட, 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார். நாற்பத்தாறு நாட்களின் பின், அவுஸ்திரேலியரான ஜோன் லண்டி பின்லாந்தில் அதனையும் முறியடித்தார். மனிதரால் இயலாதென்று பலர் கருதிய எல்லையை ஒருவர் கடந்ததும், அடுத்தவருக்கு அது வழியாகிவிட்டது.

நீளம் பாய்தலிலே ஜெசி ஓவன்ஸ் 1935இல் பாய்ந்த 8.13 மீற்றர் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது. 1968இல் பொப் பீமன் மெக்சிக்கோ நகரில் பாய்ந்தபோது, அங்கிருந்த ஒளியியல் அளவுகருவி அத்தூரத்துக்கு எட்டவில்லை. உருக்கு நாடாவால் அளந்து 8.90 மீற்றர் எனக் கண்டனர். முந்திய சாதனையிலும் 55 சென்ரிமீற்றர் அதிகம்! உயர்ந்த நிலத்தின் மெல்லிய காற்றும், விதி அனுமதித்த எல்லையளவான பின்காற்றும் அவருக்குத் துணை நின்றன என்பது உண்மையே. ஆயினும் அதே நாளில், அதே இடத்தில் பாய்ந்த வேறெவரும் அவரை நெருங்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளின் பின், 1991இல், மைக் பவல் 8.95 மீற்றர் பாய்ந்து அதனைக் கடந்தார்.

ஈட்டி எறிதலின் கதை வேறு. 1984இல் கிழக்கு ஜேர்மனியின் உவே ஹோன் 104.80 மீற்றர் எறிந்தார். ஈட்டி மைதானத்தையே கடந்துவிடுமோ என்னும் அச்சம் பிறந்தது. 1986இல் ஆண்களுக்கான ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை முன்னே தள்ளி அமைத்துச் சாதனைக் கணக்கைப் புதிதாகத் தொடங்கினர். ஹோனின் எறி வரலாற்றில் நிற்கிறது. ஆனால் பின்வந்தோர் எவரும் அதனோடு ஒப்பிடப்படுவதில்லை.

இறுதியாக இருவரை ஒப்புநோக்குவோம். கனடாவின் பென் ஜோன்சன் 1988இல் சியோல் நகரில் 9.79 செக்கனில் ஓடினார். ஊக்க மருந்து உட்கொண்டமை பரிசோதனையில் வெளிப்படவே பதக்கம் பறிக்கப்பட்டது. அவரது முந்திய சாதனையும் பின்னர் ஏட்டினின்று நீக்கப்பட்டது. கென்யாவின் எலியட் கிப்சோகே 2019இல் வியன்னாவில் மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடினார். அங்கே வஞ்சகம் ஏதுமில்லை. எனினும் அது போட்டியாக நடைபெறவில்லை; வேகங் காட்டுவோர் இடையிடையே மாறிமாறி வந்து துணை செய்தனர். ஆகவே அதுவும் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. முன்னவர் ஏடேறியும் இழிவுற்றார். பின்னவர் ஏடேறாமலே புகழுற்றார்.

ஏட்டில் இடம் பெறுவதும் பெருமை பெறுவதும் எப்போதும் ஒன்றல்ல. ஆயினும் அந்த ஏடு கண்டிப்பாகப் பேணப்படுவதாலன்றோ, பேர் தெரியாத ஊரொன்றின் பள்ளி மைதானத்தில் ஓடும் சிறுவனும் தன் நேரத்தை உலகின் தலைசிறந்த வீரனின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது! அளக்கும் கை நேர்மையாயிருக்கும் வரையில், அவ்விருவரும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறவர்களே.