பட்ட மதிப்பெண்ணும் எம்.பி.ஏ. இடமும்



கள்ளக்குறிச்சியில் பி.காம்., பி.பி.ஏ. கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் எம்.பி.ஏ. பற்றிப் பேச்செடுத்தால், "எனக்கு மார்க் கம்மி சார்" என்று பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்தும் சேராப்பட்டிலிருந்தும் இறங்கிவந்து படிக்கும் பிள்ளைகள் இதைச் சொல்லும்போது மனசு கேட்கவில்லை. பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டி, முதல் செமஸ்டரில் அரியர் வைத்தவர்கள் அவர்களில் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 போதும். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்விலும் பொது வரம்பு 50. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45. கடைசி ஆண்டில் இருப்பவர்களும் எழுதலாம்.

வரம்பைத் தாண்டிவிட்டால் மதிப்பெண்ணுக்கு வேலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அகமதாபாத், பெங்களூரு ஐ.ஐ.எம்.கள் நேர்முகத்துக்கு ஆள் எடுக்கும்போது கேட் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றையும் எடைபோடுகின்றன. கேட் தேர்வை அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம்; முடித்த பட்டத்தின் மதிப்பெண்ணை மாற்ற வழியில்லை. ஆகவே முதலாண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளே, இன்று எழுதும் செமஸ்டர் தேர்வு பின்னாலும் பேசும். அரியரை அடுத்த வாய்ப்பிலேயே முடித்துவிடுங்கள்.

மதிப்பெண் பட்டியலில் 6.8 என்று சி.ஜி.பி.ஏ. மட்டும் இருந்தால், அதை விழுக்காடாக மாற்றப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் முறையைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். நாமாக ஒரு கணக்குப் போட்டு எழுதக் கூடாது.

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஐ.ஐ.எம்.களில் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடம் உண்டு. கேட் கட்டணமும் பாதிதான். ஆனால் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதைத் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கும். அதற்குப் பல மாதம் முன்பே சான்றிதழுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "மார்க் கம்மி" என்று வரும் பிள்ளையிடம், "எத்தனை விழுக்காடு?" என்று முதலில் கேளுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட வையுங்கள்.