முதல் நாள் பட்டியலில் என் பெயர்



ஓய்வுபெற்றவரைத் தலைமையுரைக்கு அழைப்பதில் ஒரு வசதி உண்டு. அவருக்கு இனிப் பதவி உயர்வும் இல்லை, மெமோவும் இல்லை. அந்த வசதியை இன்று கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

இந்தக் கருத்தரங்குக்கு வந்த உங்கள் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை வினாநிரல் ஆய்வுகள். ‘தடுப்பூசி போட்டுக்கொள்ள விருப்பமா, இல்லையா, காரணம் என்ன’ என்று மருத்துவர்களைக் கேட்டு, வந்த பதில்களைச் சதவீதமாக்கியிருக்கிறீர்கள். ‘தயக்கம்’ என்ற சொல் எல்லாவற்றிலும் இருக்கிறது. படிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம். அந்தக் கட்டங்களில் எதில் டிக் அடித்தால் 2021 ஜனவரியில் நான் இருந்த நிலை விளங்கும் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

2021 ஜனவரி 16, சனிக்கிழமை. நாடு முழுவதும் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கிய நாள். தமிழ்நாட்டில் 166 மையங்கள், ஒரு மையத்துக்கு ஒரு நாளைக்கு 100 பேர் என்று திட்டம். ஆக 16,600 கைகளுக்கு இடமிருந்தது. நீட்டப்பட்டவை ஏறத்தாழ 3,000. எங்கள் மருத்துவமனை கோவாக்சின் ஒதுக்கப்பட்ட சில மையங்களுள் ஒன்று. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். காத்திருப்பு அறையில் ஆறடி இடைவெளியில் நாற்காலிகள், பலூன்கள், ஒரு செல்ஃபி பலகை. கோவின் செயலியிலிருந்து எனக்கு முந்தின நாளே குறுஞ்செய்தி வந்திருந்தது. முதல் நாள் பட்டியலில் என் பெயர் இருந்தது.

நான் போகவில்லை.

கோவாக்சின் அப்போது ஒரு குப்பிக்கு 20 தவணையாக வந்தது. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் ஆள் சேரும்வரை குப்பியைத் திறக்காமல் காத்திருந்தார்கள். பதினொன்றரை மணிக்குத் தடுப்பூசி அறைப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், பதினாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. நீங்க வந்தா இன்னும் நாலு பேர் தானா வருவாங்க. வர்றீங்களா?” தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன், மதியம் பார்க்கலாம் என்றேன். தாள் எதுவும் மேசையில் இல்லை. கேட்டவருக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

எனக்கு நோயின் மீது பயமில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 2020 ஏப்ரலில் இதே சென்னையில், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்து விரட்டினார்கள். ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. முதல் அலையில் மட்டும் 748 மருத்துவர்கள் இறந்ததாக இந்திய மருத்துவச் சங்கம் கணக்கு வைத்திருந்தது. பயம் வேண்டிய அளவு இருந்தது. அறிவும், பணிவாகச் சொல்கிறேன், ஓரளவு இருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தடுப்பூசி இயல் பாடம் எடுத்தவன் நான்.

அந்த அறிவுதான் இடறியது. ஜனவரி 3 அன்று கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் அனுமதி கிடைத்தபோது, கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிந்திருக்கவில்லை. எத்தனை சதவீதம் காக்கும் என்ற எண்ணே கிடையாது. ‘மருத்துவப் பரிசோதனை நிலையில்’ பயன்படுத்தலாம் என்றது அனுமதி. போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். செயல்திறன் இனிதான் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று அந்தப் படிவமே சொன்னது. கடுமையான பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சை உண்டு, தடுப்பூசியால்தான் நேர்ந்தது என்று நிறுவப்பட்டால் நிறுவனம் இழப்பீடு தரும் என்றும் சொன்னது. எந்த மையத்துக்கு எது வருகிறதோ அதுதான். கேட்டு வாங்க முடியாது. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் அதே ஜனவரி 16 அன்று, எங்களுக்குக் கோவிஷீல்டு கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டார்கள். அவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று சிலர் திட்டினார்கள். எனக்கு அவர்கள் மீது பொறாமை. அவர்கள் கேட்டார்கள். நான் தாள் திருத்துவதாகச் சொன்னேன்.

ஒரு நிமிடம் பழைய கதைக்குப் போக வேண்டும். மருத்துவர் தம் கையை முதலில் நீட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? 1897 ஜனவரி 10 அன்று பம்பாயில் வால்டெமர் ஹாஃப்கின் தாம் செய்த பிளேக் தடுப்பூசியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பிறகுதான் பைகுல்லா சிறையில் தன்னார்வக் கைதிகளுக்குப் போட்டார். (அவர் மருத்துவரல்லர், விலங்கியல் படித்தவர் என்பதை நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுகிறோம்.) அந்தக் காட்சிக்குப் பெரிய வசீகரம் உண்டு. ஆனால் அது எதை நிரூபித்தது? ஒரு மனிதருக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை என்பதை. ஐந்தாண்டு கழித்து, 1902-ல், பஞ்சாபின் முல்கோவாலில் ஒரே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் தசைவிறைப்பு ஜன்னியால் இறந்தார்கள். குப்பியில் கிருமி புகுந்திருந்தது. ஹாஃப்கின் பதவியிழந்து, ஆண்டுகள் கழித்தே பழி நீங்கினார். ஒரு நோயாளியின் அனுபவத்தை வைத்து முடிவுக்கு வராதே என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பெருந்தொற்று வந்ததும் டீன் ஊசி போட்டுக்கொள்ளும் புகைப்படத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்து, இதோ சான்று என்கிறோம். சந்தேகம் கொண்டிருந்த மருத்துவருக்கு அந்தப் படம் எந்தப் பதிலும் சொல்லவில்லை.

அப்படியென்றால் சந்தேகத்தை என்ன செய்வது? அதற்கும் நம் மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. 1948-ல் கிண்டியில் பிசிஜி ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1955-ல் ராஜாஜி அந்தத் தடுப்பூசியை எதிர்த்து எழுதினார், பேசினார். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் ஊர்களில், லட்சக்கணக்கானவர்களை வைத்து ஒரு பரிசோதனை தொடங்கியது. மூன்றில் ஒரு பங்கினருக்கு வெறும் ஊசி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. உலகமே திடுக்கிட்டது. ராஜாஜி சொன்ன காரணங்கள் வேறு; இந்த ஆய்வு அவருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டதாக யாரும் கொள்ள வேண்டாம். எனக்கு இதில் முக்கியம் வேறொன்று. தடுப்பூசி போட்டவர்களே, போட்டுக்கொண்டே, தங்கள் சந்தேகத்தை வயல்வெளிக்குக் கொண்டுபோய் எண்ணிப் பார்த்தார்கள். வந்த விடையை மறைக்கவுமில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதற்காக பிசிஜி இன்றும் தொடர்கிறது. அதை நாம் தெரிந்தே தொடர்கிறோம்.

2021-ல் எங்கள் சந்தேகம் போன இடம் வயல்வெளி அல்ல, வாட்ஸ்அப். 1984-ஆம் ஆண்டு பேட்ச் குழுவில் நார்வேயில் முதியவர்கள் இறந்த செய்தி வரும். மொராதாபாத்தில் ஊசி போட்ட மறுநாள் மருத்துவமனை ஊழியர் ஒருவர் இறந்த செய்தி வரும். கீழே கைகூப்பும் பொம்மை. ‘எதுக்கும் ரெண்டு மாசம் பார்ப்போம்’ என்று ஒருவர் எழுதுவார். அவர் இதய நிபுணர். அந்த வரிக்கு நானும் கட்டைவிரல் காட்டியிருக்கிறேன். மறுநாள் அதே நாங்கள் தொலைக்காட்சியில் பொதுமக்களைத் தயங்காதீர்கள் என்றோம்.

இது நம்மூர்க் குறை மட்டுமல்ல. 2009 பன்றிக் காய்ச்சலின்போது ஹாங்காங் அரசு மருத்துவமனை ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், தடுப்பூசிக்கு விருப்பம் தெரிவித்தவர்கள் 47.9 சதவீதம். சார்ஸில் சக ஊழியர்களைப் பறிகொடுத்த ஊர் அது. பக்கவிளைவு பற்றிய அச்சமும், பலன் தருமா என்ற ஐயமுமே அவர்கள் சொன்ன காரணங்கள். அதற்கும் முன்பு, 1976-ல் அமெரிக்காவில், வரவே வராத ஒரு பெருந்தொற்றுக்காகச் சுமார் 4.5 கோடிப் பேருக்கு ஊசி போட்டு, நரம்பு நோயான கில்லன்-பாரே தலைகாட்டியதும் திட்டத்தையே நிறுத்தினார்கள். மருத்துவர்களின் நினைவு நீளமானது. பாடப்புத்தகத்தில் நாமே ஏற்றிவைத்த நினைவு அது.

ஆனால் நான் உங்களிடம் அதிகம் பேச நினைப்பது முதுநிலை மாணவிகளைப் பற்றி. எங்கள் விடுதியில் பாதிப் பேர் பெண்கள். இருபத்தாறு, இருபத்தெட்டு வயது. புதிதாக மணமானவர்கள், குழந்தைக்குக் காத்திருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் போடக்கூடாது என்பது அன்றைய விதி. சரி, அடுத்த மாதம் கருத்தரித்தால்? முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் நடுவில் நாள் தள்ளிப்போனால்? இந்தக் கேள்வியை ஒரு மாணவி என் அறைக்கு வந்து கேட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். “மகப்பேறு மருத்துவத் துறையில் கேளம்மா” என்றேன். “அங்கதான் சார் படிக்கிறேன்” என்றாள். பாலூட்டும் தாய்மாருக்கு அனுமதி வந்தது மே 19-ல். கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ல். அதற்குள் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. அந்த மாதங்களில் அவள் பிரசவ வார்டில் கவச உடையோடு நின்றாள். ஏதாவதோர் ஆய்வு அவளைப் பிடித்திருந்தால், ‘தயக்கம் உடையவர், பெண், வயது முப்பதுக்குள்’ என்று எழுதியிருக்கும்.

மார்ச் 3 அன்று கோவாக்சினின் இடைக்கால முடிவு வந்தது, 81 சதவீதம் என்று. (இறுதிக் கணக்கில் 77.8.) அந்த வாரமே நான் போட்டுக்கொண்டேன். எண்ணுக்காகக் காத்திருந்தேன், எண் வந்தது, போட்டுக்கொண்டேன் என்று அப்போது பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன். நாட்களைக் கூட்டிப் பார்த்தது பிறகுதான். ஜனவரி 16-ல் தொடங்கியவருக்கு, நான்கு வார இடைவெளியும் மேற்கொண்டு இரண்டு வாரமும் போக, பிப்ரவரி இறுதியில் முழுப் பாதுகாப்பு. எனக்கு ஏப்ரல் நடுவில். ஜனவரியில் மாநிலத்தில் ஒரு நாளைக்கு 600 பேர் அளவில் இருந்த தொற்று, மே 21 அன்று 36,184. நான் மயிரிழையில் தப்பினேன். என்னைப் பார்த்து மேலும் தள்ளிப்போட்டவர்கள் தப்பவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 10,600 ஊழியர்கள், ஏப்ரல் இறுதிக்குள் ஊசி போட்டவர்கள் 8,991. இரண்டு தவணையும் போட்ட 7,080 பேரில் தொற்று கண்டவர்கள் 679, அதாவது 9.6 சதவீதம். போடாத 1,609 பேரில் 438, 27.2 சதவீதம். தீவிர சிகிச்சைக்குப் போவதிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 94 சதவீதம். அங்கே பெரும்பாலும் கோவிஷீல்டு. போட்டவரும் போடாதவரும் பிற வகைகளில் ஒத்தவர்களா என்ற கேள்வியும் உண்டு. இருக்கட்டும். தமிழ்நாட்டுக் காவல்துறையின் கணக்கு இன்னும் அப்பட்டமானது. பிப்ரவரியிலிருந்து மே நடுப்பகுதி வரை, போடாத 17,059 பேரில் 20 மரணம். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4.

நான்கு என்றால் பூஜ்யம் அல்ல. தில்லி இதய மருத்துவர் கே. கே. அகர்வாலை நினைத்துக்கொள்கிறேன். நேரலையில் இருந்தபோது, என்னை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் எப்படி ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மனைவி தொலைபேசியில் அவரை வறுத்தெடுத்ததை நாடே பார்த்துச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு தவணையும் போட்டிருந்தவர் என்றே செய்திகள் கூறின. மே 17 அன்று கொரோனாவால் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு நடிகர் விவேக், ஓமந்தூரார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் போனார். தொடர்பில்லை என்று அன்றே சொன்னோம். அது சரிதான். ஆனால் விசாரித்துச் சொன்ன தேசியக் குழுவின் முடிவு அக்டோபரில் வந்தது. அந்த ஆறு மாதமும் ஆட்டோக்காரரும் பூக்கார அம்மாவும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாயை அல்ல.

எங்கள் துறையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் இருந்தார். என் அறையைக் கூட்டுபவர், என் மேசையில் தாள் இல்லாததைப் பார்த்தவர். மே மாதம் பதினொரு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். பிழைத்துவிட்டார், இன்றும் இரண்டாம் மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். ஜனவரியிலேயே அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. “ஐயா போடட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவந்தாராம். மார்ச்சில் நான் போட்டபோது சத்தமில்லாமல் போட்டுக்கொண்டேன். வெட்கம்தான் காரணம். அதனால் அவருக்குத் தெரியவேயில்லை. என்னிடம் அவர் இதுவரை இதைப் பேசியதில்லை. சிஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

உங்கள் வினாநிரல்களில் மூன்று திருத்தம் கேட்கிறேன். ‘தயங்கினீர்களா’ என்பதற்குப் பக்கத்தில், ‘உங்களுக்கு எந்தத் தகவல் வேண்டியிருந்தது, அதை யாரிடம் கேட்டீர்கள், பதில் எந்தத் தேதியில் வந்தது’ என்று சேருங்கள். தேதி முக்கியம். மருத்துவர் பட்டியலோடு நிறுத்தாமல் அதே வார்டின் செவிலியரையும் ஒப்பந்தப் பணியாளரையும் ஒரே கட்டாக எடுத்து, யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். போட்டுக்கொண்ட பிறகு அதை யாரிடமாவது சொன்னீர்களா என்றும் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது, மணி அடிக்கக் கூச்சப்பட்டு ஒருங்கிணைப்பாளர் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதல் அமர்வின் முதல் கட்டுரையை ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் வாசிக்கிறார். அன்று பதினொன்றரை மணிக்கு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டவர் அவர்தான். நான் அன்று சொன்ன பதில் அவர் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், ‘மூத்த மருத்துவர் ஒருவர்’ என்ற பெயரில் இருக்கிறது. அந்த இடம் வரும்போது என் பெயரையே வாசித்துவிடும்படி அவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.