கருவியும் பேச வேண்டும்



திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியனின் உட்புறத்தில் சிறு சீட்டு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். ‘வாஷ்கேர் லேபிள்’ என்பர் அங்கே. அதில் தண்ணீர்த் தொட்டியின் படமும் இஸ்திரிப் பெட்டியின் படமும் உண்டு. பெட்டிக்குள் ஒரு புள்ளியிருந்தால் இளஞ்சூடு. மூன்று புள்ளியிருந்தால் மிகுந்த சூடு. எந்த நாட்டினரும் மொழியறியாமலே அதைப் புரிந்துகொள்வர். ஒரு பனியனுக்கே இத்தனை அக்கறை என்றால், உயிர் காக்கும் கருவிக்கு எத்தனை வேண்டும்?

அவ்வூரில் நான் அறிந்த பெண்மணி ஒருவர், செக்கிங் பிரிவில் இச்சீட்டுகளைச் சரிபார்ப்பவர். நீரிழிவால் துன்புறும் தம் தாயாருக்கு இரவில் இன்சுலின் ஊசி போடுபவரும் அவரே. ஒருமுறை வழக்கமான சிவப்பு மூடிச் சிரிஞ்சு கிடைக்காமல், ஆரஞ்சு மூடியுள்ளதை வாங்கி வந்தார். மருத்துவர் சொன்னபடி 20 என்னும் கோடு வரை மருந்தை ஏற்றினார். ஒரு வாரம் கடந்தும் சர்க்கரை இறங்கவில்லை, ஏறிற்று.

காரணம் என்ன? நம் நாட்டில் பரவலாக விற்கும் இன்சுலின் புட்டியில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் மருந்து உண்டு. சிவப்பு மூடிச் சிரிஞ்சு அதற்கென்றே கோடிடப்பட்டது. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சோ, மில்லி லிட்டருக்கு 100 யூனிட் கொண்ட மருந்துக்கு உரியது. ஆகவே 20 என்று எண்ணி அவர் செலுத்தியது 8 யூனிட்டே. இதுவே தலைகீழாக நேர்ந்திருந்தால், 20க்குப் பதிலாக 50 யூனிட் ஏறி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

“என் கண்தான் பிசகிற்று” என்று அவர் வருந்தினார். நான் அவ்வாறு கருதவில்லை. அவர் கண் 20ஐ 20 என்றே படித்தது. மூடியின் நிறமும் பொடியெழுத்தில் ஒரு குறியும் கோடுகளின் அளவுமே அவ்விரு சிரிஞ்சுகளையும் வேறுபடுத்துகின்றன. அம்மூடியோ, ஊசி போடும் வேளையில் கழற்றி வைக்கப்படுவது!

இப்பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘தெராக்-25’ என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி, ஆறு நோயாளிகள்மீது அளவு கடந்த கதிர்களைப் பாய்ச்சிற்று, சிலர் மாண்டனர். அதன் கணிப்பொறி நிரலில் பிழை இருந்தது. திரையோ ‘மால்ஃபங்ஷன் 54’ என்றதேயன்றி, ‘அபாயம்’ என்று சொல்லவில்லை. பொறியை இயக்கியவரும் ஒரு விசையைத் தட்டி மேலே செல்ல முடிந்தது.

நல்ல அமைப்புக்கும் சான்று உண்டு. மயக்க மருந்துப் பொறியில் ஆக்சிஜன் உருளைக்குரிய இடத்தில் வேறு வாயுவின் உருளையைப் பொருத்த முயன்றால், அது பொருந்தாது. ஒவ்வொரு வாயுவுக்கும் முளைகளின் இடம் வேறு. களைத்த கையையும் அக்கருவியே தடுத்து நிறுத்துகிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டில் இன்சுலின் போடுவோர் உண்டானால், புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நாளை நீங்கள் ஒரு கருவியைச் செய்தால், நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒருவரிடம், மங்கிய விளக்கொளியில் அதைக் கொடுத்துப் பாருங்கள். அவர் தடுமாறினால், திருத்த வேண்டியது அவரையன்று, கருவியையே.