உப்புத் தண்ணித் தொட்டிக்கு எந்த விளக்கு?

(பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோயமுத்தூர்க்காரன் மேடையேறினால் பம்ப்செட்டைப் பத்திப் பேசுவான், இல்லாவிட்டால் நூல் மில்லைப் பத்திப் பேசுவான். மீன் தொட்டி விளக்கைப் பத்திப் பேசப் போகிறேன் என்றதும் நம்ம செயலாளர் ஒரு நிமிஷம் யோசிச்சார். கேட்டது நான் இல்லைங்க, விடுதி மாணவர்கள். "அண்ணா, கடல்தண்ணித் தொட்டி வைக்கணும், பவளம் வளர்க்கணும், விளக்கு விலையைக் கேட்டால் தலை சுத்துது, சிக்கனமா ஒரு வழி சொல்லுங்க" என்றார்கள்.

முதலில் பவளம். இதைச் சொல்லாமல் விளக்கைப் பத்திப் பேசினால் தப்பாகிவிடும். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே அதில் உண்டு. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மாட்டினால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. சட்டம் சும்மா வந்துவிடவில்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள் இருக்கின்றன. 1986இல் அதைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவித்த பிறகும் பல வருஷம் அங்கே பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனார்கள். வெட்டுக்குத் தப்பினதை 2010லும் 2016லும் கடல் சூடேறி வெளுக்க வைத்தது. அதனால் கடைக்காரர் ரகசியமாக ஒரு துண்டைக் கையில் வைத்து, "பிளாஸ்டிக் பையில் போட்டுத் தர்றேன் தம்பி" என்றால் வாங்க வேண்டாம். படிக்கிற பிள்ளைகள் நீங்கள். ஒரு துண்டுக் கல்லுக்காக வழக்கு வந்தால் வேலைக்குப் போகிற இடமெல்லாம் அது கூடவே வரும்.

அப்ப என்ன வைக்கலாம்? கோமாளி மீன் வைக்கலாம். இதைக் கடலிலிருந்து பிடிக்காமலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. மண்டபத்தில் அதற்கு மையம் இருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு தொட்டிக்குச் சீக்கிரம் பழகும். கடல் சாமந்தி இல்லாமலேயே கோமாளி மீன் நன்றாக வாழும். சினிமாவில் பார்த்துவிட்டு சாமந்தி கட்டாயம் வேணும் என்று நினைக்கிறோம், அவ்வளவுதான்.

இதிலேயே விளக்குச் செலவில் முக்கால்வாசி முடிஞ்சு போச்சுங்க. மீன் மட்டும் என்றால் வீட்டில் மாட்டுகிற 20 வாட் எல்இடி பட்டி ஒன்று போதும், 6500 கெல்வின் என்று போட்டிருப்பது. சில நூறு ரூபாய்தான். மீனுக்குப் பகல் எது இரவு எது என்று தெரிந்தால் சரி. "கடல்மீன் விளக்கு" என்று பெயர் ஒட்டி பத்து மடங்கு விலை சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கதை மாறுவது, உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் சாப்பாடு தேடும் உயிர்கள் வந்தால்தான். பவளம் அப்படித்தான், சாமந்தியும் அப்படித்தான். அந்த நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து, செய்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்தால் ரெண்டு பேரும் பட்டினி. 430 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள நீலம்தான் அந்தப் பாசிக்கு ரொம்ப ருசி. கடல்தண்ணி சிவப்பை முதலில் குடித்துவிடும், நீலம்தான் ஆழம் வரைக்கும் இறங்கும்.

இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். அட்டைப் பெட்டியில் "இத்தனை லூமன்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். லூமன் என்பது மனுஷக் கண்ணுக்கான அளவுங்க. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மை. 450 நானோமீட்டர் நீலத்துக்கு அதில் நாலு சதம்கூடக் கிடையாது. அதனால் பாசிக்கு விருந்து போடும் நீல விளக்கு, லூமன் கணக்கில் ஒண்ணுமில்லாதது போலத் தெரியும். லக்ஸ் மீட்டரும் அதே பொய்யைத்தான் சொல்லும். சரியான அளவு, ஒரு சதுர மீட்டரில் வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது. உச்சி வெயில் கிட்டத்தட்ட 2000. மென்மையான உயிர்களுக்கு நூறு, நூற்றைம்பது போதும். வெயிலை அளக்கும்போது மட்டும் லக்ஸை 54ஆல் வகுத்தால் ஓரளவு சரியாக வரும். நீல எல்இடிக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

நாங்க லேபில் இருந்த காலத்தில் எல்இடி என்றால் சிவப்பு, பச்சை, மஞ்சள்தான். பேனலில் மினுக்குகிற சின்ன முத்து. நீலம் கிடையாது. ஜப்பானில் நகமுரா என்பவர் 1993இல் பளிச்சென்று எரியும் நீல எல்இடியைக் கொண்டுவந்தார். 2014இல் அவருக்கும் அகாசாகி, அமானோ என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது வராவிட்டால் இன்றைக்கு வெள்ளை எல்இடியே இல்லை. நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் வெள்ளை எடுக்கிறார்கள்.

அதற்கு முன்னால் மெட்டல் ஹாலைடு. எங்கிட்டயும் ஒண்ணு இருந்தது, 150 வாட், சோக்கையும் சேர்த்தால் 170 பக்கம். பத்து மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 1.7 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 102 யூனிட். 2016இல் வீட்டு இணைப்புக்கு இலவசமாக்கிய 100 யூனிட்டையும் அந்த ஒரு விளக்கே தின்றுவிடும். அந்த விளக்கை நம்பி ஒரு சாமந்தி வாங்கி வைத்தேன். 2012 உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மில்லும் பட்டறையும் பாதி நாள் இருட்டில் கிடந்தன. கரண்ட் போனால் விளக்கு மட்டுமா போகும், தண்ணியைச் சுத்தும் மோட்டாரும் நின்றுவிடும். கரண்ட் வந்தால் அந்த விளக்கு தொட்டியைச் சூடாக்கும். சித்திரை மாசம் தண்ணி 32 டிகிரிக்குப் போனது. சாமந்தி சுருங்கிச் செத்தது, அது அழுகியதில் மூன்று மீனும் போச்சு. வெளிச்சம் பத்தலை என்று அப்போது நினைத்தேன். இல்லைங்க. விளக்குக்குக் கொடுத்த காசில் கால்வாசிக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கியிருந்தால் அதுகள் பிழைத்திருக்கும். என் பையன் அப்ப நாலாவது படிச்சான். ஒரு வாரம் அந்தப் பக்கமே வரலை.

இப்ப என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ரெண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி, சுமார் 150 லிட்டர். மூணு வாட் எல்இடி 24 வாங்கினேன். 16 ராயல் புளூ, 8 வெள்ளை. 700 மில்லியாம்பியரில் ஓட்டினால் மொத்தம் 55 வாட் சுமாருக்கு வரும். மின்னோட்டத்தை ஒரே அளவில் வைக்கும் டிரைவர்தான் போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், எல்இடி செத்துப் போவது சூட்டாலும் தரமில்லாத டிரைவராலும்தான். சூட்டுக்கு நம்ம ஊரில் என்ன குறை? கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் துடுப்பு வைத்த அலுமினியச் சட்டம் ஒன்று எடைக்குக் கிடைத்தது. துளை போட்டு, தெர்மல் பேஸ்ட் தடவித் திருகினேன். தினம் ஒன்பது மணி நேரம் எரிகிறது, நாளுக்கு அரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு முப்பது.

கடை விளக்கில் கண்ணைப் பறிக்கும் ஊதா நீலம் இருக்கும். அது பெரும்பாலும் நம் கண்ணுக்கான அலங்காரம். மன்னார் வளைகுடாவில் பவளம் பெரும்பாலும் ஆழம் குறைந்த இடத்தில்தான் வளர்கிறது, வெள்ளை வெயிலும் அதன் மேல் படுகிறது. அதனால் வெள்ளையைச் சேர்ப்பதில் தப்பில்லை. லென்ஸும் ஒன்றரை அடித் தொட்டிக்குத் தேவையில்லை.

தொட்டிக்கட்டு வீட்டில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வாசல் வெளிச்சம் சும்மா கிடைக்கும். நேர் வெயில் மட்டும் தொட்டி மேல் விழ வேண்டாம், தண்ணி சூடாகி, பச்சைப் பாசி எச்சா வந்துவிடும்.

புது விளக்கை மாட்டினதும் முழுசா எரிய விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பித்து, மூணு நாலு வாரத்தில் ஏத்துங்கள். திடீர் வெளிச்சத்தில் அந்த உயிர் தன் பாசியை வெளியே துப்பி வெளுத்துவிடும். கோடையில் தண்ணி மேல் படுகிற மாதிரி ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள். ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 0.67 யூனிட் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். குறைந்த தண்ணிக்கு ஆர்ஓ தண்ணிதான் ஊத்த வேண்டும். உப்பு அங்கேயே இருக்கும், ஆவியாவது நல்ல தண்ணி மட்டும்தான். சிறுவாணி குடிக்க அமிர்தம், ஆனாலும் குழாயிலிருந்து நேராக ஊத்த வேண்டாம், குளோரின் இருக்கும். போர் தண்ணியைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக ஒண்ணு, மின்னியல் படித்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். உப்புத் தண்ணியும் 230 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். ஒயர் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி மேலேறட்டும், சொட்டும் தண்ணி அந்த வளைவிலேயே கீழே விழுந்துவிடும். எல்இடிக்குக் கீழே ஒரு அக்ரிலிக் தகடு போடுங்கள், இல்லாவிட்டால் உப்பு படிந்து ஆறே மாசத்தில் கால்கள் பச்சை பூத்துவிடும்.

நான் செய்த விளக்கைக் கொண்டு வந்திருக்கிறேன், வெளியே பதிவு மேசைக்குப் பக்கத்தில் எரிகிறது. காலை ஒன்பது மணிக்குப் போட்டது. அலுமினியத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைத்தபடி இருக்க முடிந்தால் சட்டம் போதும் என்று அர்த்தம். எல்இடியை மட்டும் நேரே உற்றுப் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு ஆகாது.