காத்திராத எதிரொலி

மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கலாம்? நலமுடையோருக்கே ஒரு நிமிடம் அரிது. நோயாளிக்குக் கால் நிமிடமும் பெரிது. மூச்சசைந்தால் ஈரலும் அசையும். இதயமோ ஓய்வதே இல்லை. ஆகவே உடலின் உள்ளுறுப்புக்களைப் படம் பிடிக்கும் கருவிக்கு விரைவு வேண்டும். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பரிவுப் படமுறைக்குத் தொடக்கத்தில் அவ்விரைவு இருக்கவில்லை. அதனை அளித்தது படித்திறன் எதிரொலி என்னும் உபாயம்.

மனித உடலிற் பெரும் பகுதி நீர். நீரிலுள்ள ஐதரசன் அணுவின் கரு ஒவ்வொன்றும் சிறியதொரு காந்தம். வலிய காந்தப்புலத்தினுள் இவற்றின் கூட்டுக் காந்தம் புலத்தின் திசையில் நிமிர்ந்து நிற்கும். வானொலி அலையின் ஒரு துடிப்பினால் அதனைச் சாய்த்தால், அது சுழன்று, தானும் ஒரு மெல்லிய வானொலி அலையை வெளிவிடும். அதுவே படத்துக்கு மூலமான சைகை. ஆனால் கருக்கள் வெவ்வேறு வேகத்திற் சுழல்வதால் அவற்றின் ஒழுங்கு குலைந்து, சைகை விரைவில் மங்கிவிடும். இன்னொரு துடிப்பைச் செலுத்தினால், சிதறியவை மீண்டும் ஒன்றுகூடி எதிரொலி தரும் என்பதை 1950ஆம் ஆண்டில் எர்வின் ஹான் காட்டினார். படம் பிடிக்கையில் இத்துடிப்பு அவற்றை 180 பாகை புரட்டும்.

இம்முறையிற் படம் தெளிவாக வரும், காலமோ நீளும். முதலில் காந்தத்தை 90 பாகை முற்றாகச் சாய்த்துவிடுவதால், அது மீண்டும் நிமிரும்வரை காத்திருக்க வேண்டும். 128 வரிகளைக் கொண்ட படத்துக்கு வரியொன்றுக்கு 2 செக்கன் சென்றால், மொத்தம் 4 நிமிடத்துக்கு மேலாகும்.

1985ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் அக்செல் ஹாசே, யென்ஸ் ஃபிராம் முதலியோர் வேறு வழி கண்டனர். கிணற்று நீரை முற்றாக இறைத்தவன் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அளவாக அள்ளுபவனுக்கு அக்கவலை இல்லை. அவர்கள் காந்தத்தைச் சிறிதளவே சாய்த்தனர். 10 பாகை சாய்த்தால் நிமிர்ந்த காந்தத்தில் நூற்றுக்கு 98 பங்கு எஞ்சும். சைகையோ முழு அளவில் 17 பங்கு கிடைக்கும். இழப்புச் சிறிது, பயன் பெரிது. 180 பாகைத் துடிப்பு எஞ்சிய காந்தத்தையும் தலைகீழாக்கிவிடும் என்பதால், அதனை அவர்கள் தவிர்த்தனர். அதற்குப் பதிலாக, இடத்துக்கு இடம் வலிமை மாறும் காந்தப் படித்திறன் ஒன்றை முதலில் ஒரு திசையிலும், பின்னர் எதிர்த்திசையிலும் செலுத்தினர். முதலாவது சிதறச் செய்ததை இரண்டாவது ஒன்றுசேர்த்து எதிரொலியாக்கியது. வரியொன்றுக்கு 15 மில்லிசெக்கன் போதுமாயின், அதே 128 வரிகளும் 2 செக்கனுக்குள் முடிந்துவிடும்! ஒரே மூச்சடக்கில் ஈரலைப் படம் பிடிப்பது இதனால் இயல்வதாயிற்று.

எனினும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. படித்திறனைத் திருப்புவதால், அப்படித்திறன் விளைத்த சிதறல் மட்டுமே சீராகும். உலோகமோ இரும்போ அருகிலிருந்து காந்தப்புலத்தைக் குழப்பினால் அது சீராகாது. அவ்விடம் படத்திற் கருமையாகத் தோன்றும்.

அக்குறையே பின்னர் மருந்தாயிற்று. தலசீமியா நோயுடைய பிள்ளைகள் பலர் இடையறாது குருதி ஏற்றப்பெற்றே உயிர் வாழ்கின்றனர். அக்குருதியின் இரும்பு இதயத்தசையிற் படிந்து, வெளித்தெரியாமலே உயிருக்கு உலை வைக்கும். குருதிப் பரிசோதனை இதயத்தின் நிலையை நம்பத்தக்கவாறு காட்டுவதில்லை. படித்திறன் எதிரொலியின் சைகை எவ்வளவு விரைவில் மங்குகின்றது என்பதை அளந்து இதயத்தின் இரும்பை அறியலாம் என, 2001ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர்கள் அறிவித்தனர். மங்கும் காலம் 20 மில்லிசெக்கனிலும் குறைந்தால் அஃது எச்சரிக்கை. இதயம் தளருமுன்னரே இரும்பை அகற்றும் மருந்தைக் கூட்டி, பிள்ளையைக் காக்க வழி பிறக்கின்றது. இலங்கையிலும் இந்நோயுடையோர் உளர். ஆதலால் இது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

அளவாக எடுத்ததனால் விரைவு வந்தது. குறையென்று கருதியதை அளந்து பார்த்ததனால் உயிர் காக்கும் வழி வந்தது.