கதிரவன் ஒளியும் கருவுற்ற தாயும்



உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கையும் தானமாக வகுத்தது சமண அறம். பிறக்கப்போகும் குழந்தைக்கு இந்நான்கையும் முதலில் வழங்குபவள் தாய். அத்தாய்க்கு நாம் வழங்க வேண்டியது யாது? உயிர்ச்சத்து டி என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை தேட விழைகிறேன்.

இச்சத்து பெரும்பாலும் உணவால் வருவதன்று. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உடலே இதனை ஆக்கிக்கொள்கிறது. உண்ட உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஈர்த்துக்கொள்ள இது துணைசெய்கிறது. கருவிலிருக்கும் குழந்தை வெயில் காணாதது; ஆகவே நஞ்சுக்கொடி வழியே தாயிடமிருந்தே இதனைப் பெறுகிறது. தாயிடம் மிகக் குறைந்துவிட்டால், பிறந்த குழந்தையின் குருதியில் சுண்ணாம்புச் சத்து தாழ்ந்து வலிப்பு வருவதுண்டு; எலும்பு மென்மையுறுவதும் உண்டு.

வெயில் மிகுந்த நம் நாட்டில் இக்குறை ஏது எனலாம். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் மகப்பேறு கண்ட 568 பெண்களின் குருதியை, அவர்கள் கருவுற்றிருந்த காலத்தில் எடுத்து ஆராய்ந்தனர். நூற்றுக்கு 67 பேரிடம் இச்சத்து குறைந்திருந்தது. அவர்கள் ஈன்ற குழந்தைகளை ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். குறைவுற்ற தாயரின் பிள்ளைகளுக்கு 5 வயதிலும் ஒன்பதரை வயதிலும் கைத்தசை சற்றுச் சிறுத்திருந்தது. ஒன்பதரை வயதில் இன்சுலினுக்கு உடல் இணங்காத தன்மையும் கூடியிருந்தது. இது பிற்காலத்தில் நீரிழிவுக்கு வழிகோலக்கூடியது. ஆனால் கைப்பிடி வலிமையில் வேறுபாடில்லை. பின்னர் அப்பிள்ளைகளின் அறிவுத்திறனை அளந்தபோதும் வேறுபாடு தென்படவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வு வேறுவிதமாகக் கூறியது. தாயிடம் இச்சத்து மிகத் தாழ்ந்திருந்த பிள்ளைகளிடம் மொழித்திறன் குறைபாடு ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டதாக அது 2012இல் தெரிவித்தது. இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவது வேறு. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என நிறுவுவது வேறு. பிள்ளை படிப்பில் பின்தங்கினால் தாயைக் கடிந்துகொள்ளும் குடும்பங்களை என் ஆசிரியப் பணிக்காலத்தில் பல முறை கண்டிருக்கிறேன். அத்தகைய பழிக்கு இவ்வாய்வுகள் இடம் தரவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நம் தூத்துக்குடி வெயிலால் வாழும் ஊர். கடல்நீரை உப்பாக்குவது அவ்வெயிலே. ஆயினும் இங்கே இருவகைத் தாய்மார் உளர். உப்பளத்தில் நாள் முழுதும் நிற்பவள் ஒருத்தி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களிடம் ஆய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவின்படி, கடும் வெப்பத்தில் உழைப்போர்க்குக் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு இருமடங்காகிறது. கருவுற்ற நாள்முதல் வாயிற்படி தாண்டாதவள் மற்றொருத்தி. அவளுக்கோ வெயில் இல்லை.

காலை இளவெயில் போதும் என்பது பலர் நம்பிக்கை. கதிரவன் தாழ்ந்திருக்கும்போது நமக்கு வேண்டிய கதிர் மிகச் சிறிதே தரையை அடைகிறது. சன்னல் கண்ணாடியையும் அக்கதிர் ஊடுருவுவதில்லை. காலை பத்து மணிக்குமேல் சிறிது நேரம், கையிலும் காலிலும் வெயில் படுமாறு முற்றத்திலோ மாடியிலோ இருத்தல் நலம். கோடையில் நீர் அருந்தி, தலைக்குத் துணியிட்டு, களைப்புத் தோன்றுமுன் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

மீனும் முட்டையும் விலக்கிய இல்லங்களில் செறிவூட்டிய பாலும் எண்ணெயும் ஓரளவு உதவும். மாத்திரைகளில் உள்ள டி3 பெரும்பாலும் ஆட்டு மயிர்க் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. குளிகையின் உறையும் விலங்குப் பொருளாக இருக்கலாம். கற்பாசியிலிருந்து எடுத்த டி3யும், டி2 வகையும் கிடைக்கின்றன. கொள்கைக்கு ஏற்றதனை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டா.

கருவுற்ற எல்லாருக்கும் இம்மாத்திரை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறவில்லை. குறைவுடையோர்க்கே தரலாம் என்கிறது. ஆகவே மருத்துவரின் சொல்லே வழிகாட்டியாகட்டும். வாரம் ஒருமுறைக்கெனத் தரும் 60,000 அலகு மருந்தை நாள்தோறும் உண்டால் அதுவே நஞ்சாகும்.

மருந்து தானம் செய்யும் அறக்கட்டளைப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் கருவுற்ற பெண்களுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். உப்பளத்துப் பெண்களுக்கு நிழற்கொட்டகையும் குடிநீரும் அமைய உதவுங்கள். இல்லத்துப் பெரியோர்களே, உங்கள் மருமகள் நாள்தோறும் சிறிது நேரம் வெளியே வந்து நிற்க, வீட்டு வேலையில் ஒன்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் செலவாகாது.