ஒண்டுக்குடித்தனத்து ஓவியர்



போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. என் அக்கா மகள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கட்டடக்கலை படிக்கிற பெண். கல்லூரியில் ஒரு சமுதாயக்கூடம் வரையச் சொல்லியிருந்தார்கள். தூண், கூரை, படிக்கட்டு, ஜன்னல் என்று எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் அழகாக வரைந்துவிட்டாள். ஆனால் கட்டடத்தைச் சுற்றிக் காட்டலாம் என்று மவுஸை நகர்த்தினால் கட்டடம் நகர மறுத்தது. கொஞ்ச நேரம் விறைத்து நின்றது. அப்புறம் ஒரு உதறு உதறிப் பாதி திரும்பியது.

"மாமா, டிரைவர் அப்டேட் பண்ணா கிராபிக்ஸுக்கு ராம் கூடுமாம். வீடியோல சொன்னாங்க. பண்ணிக் குடுங்க" என்றாள்.

பண்ணிக் கொடுத்தேன். டிரைவர் புதிதாயிற்று. சமுதாயக்கூடம் மட்டும் பழையபடியே நின்றது.

அவள் வீடியோவில் கேட்டது பொய்யில்லை. ஆனால் அது அவள் லேப்டாப்பின் நோய்க்கான மருந்து இல்லை. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

பழைய ஊர்களில் ஒண்டுக்குடித்தனம் பார்த்திருப்பீர்கள். ஒரே பெரிய வீடு. முன்கட்டில் வீட்டுக்காரர், பின்கட்டில் இரண்டு மூன்று குடித்தனம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளமாக ஒரு நடை. யார் வந்தாலும் போனாலும் அந்த நடை வழியாகத்தான்.

கணினியில் படம் வரைகிற பகுதியை ஓவியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடிய விளையாட்டு லேப்டாப்பில் இந்த ஓவியருக்குத் தனி வீடு. அவருக்கென்றே வேகமான நினைவகம், அவருக்கென்றே அகலமான வாசல். ஆனால் நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கிற சாதாரண லேப்டாப்பில் ஓவியர் ஒண்டுக்குடித்தனக்காரர். சொந்தமாக நினைவகம் கிடையாது. பிராசசர் பயன்படுத்துகிற அதே ராமில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வரைகிறார்.

இந்தக் குடித்தனம் நேற்று வந்ததல்ல. 1999-இல் இன்டெல் நிறுவனம் ஐ-810 என்ற சிப்செட்டுக்குள்ளேயே கிராபிக்ஸை வைத்து, கணினியின் பொது நினைவகத்தைப் பயன்படுத்த வைத்தது. தனி அட்டையின் செலவு மிச்சம். 2011-இல் சாண்டி பிரிட்ஜ் வரிசையில் ஓவியர் பிராசசர் இருக்கிற அதே சில்லுக்குள் குடிவந்துவிட்டார். 2020-இல் ஆப்பிள் தன் எம்-1 சில்லில் இந்த ஏற்பாட்டையே பெருமையாகச் சொல்லி விற்றது. பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே நினைவகம், இங்கிருந்து அங்கே நகலெடுக்கிற வேலையே இல்லை என்றது. ஒரு காலத்தில் ஏழ்மைக்கு அடையாளமாக இருந்தது, நன்றாகக் கட்டினால் வசதியாகவும் ஆகும் என்பதற்கு அது சாட்சி.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2004 இறுதியில் என்விடியா நிறுவனம் டர்போகேஷ் என்ற ஏற்பாட்டோடு மலிவான கிராபிக்ஸ் அட்டைகளைக் கொண்டுவந்தது. அட்டையில் இருந்தது 16 எம்பி நினைவகம். 128 எம்பியை ஆதரிக்கும் என்று சொல்லி விற்றார்கள். மீதி எங்கிருந்து வரும்? வாங்குகிறவரின் கணினி ராமிலிருந்துதான். நம் அரிசியையே நமக்குப் பொங்கிப் போட்டு விருந்து என்று சொன்ன கதை.

சரி, ஓவியருக்கு எவ்வளவு பங்கு? அதை உங்கள் லேப்டாப்பிலேயே பார்க்கலாம். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஜிபியு என்பதைத் தொட்டால், அடியில் ஷேர்டு ஜிபியு மெமரி என்று ஓர் எண் தெரியும். பொதுவாக அது உங்கள் ராமில் ஏறக்குறைய பாதி. 8 ஜிபி ராம் என்றால் 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். இது பூட்டி வைத்த பாதி அல்ல. ஓவியர் கேட்டால் அதுவரை கொடுக்கலாம் என்கிற உச்சவரம்பு. அவர் கேட்காதபோது மற்ற வேலைகள் அந்த இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்தும்.

அந்த உச்சவரம்பில்தான் அண்மையில் மாற்றம் வந்தது. 2025 ஆகஸ்டில் இன்டெல், கோர் அல்ட்ரா பிராசசர்களுக்கான டிரைவரோடு ஒரு புதிய வசதியைக் கொடுத்தது. இன்டெல் கிராபிக்ஸ் சாஃப்ட்வேரில் ஒரு நகர்த்தி இருக்கும். அதை வலப்பக்கம் தள்ளினால் ராமில் 87 சதவீதம் வரைகூட கிராபிக்ஸுக்கு விடலாம். கணினியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஏஎம்டி நிறுவனம் இதற்கு முன்பே ரைசன் ஏஐ வரிசைக்கு இதுபோன்ற ஏற்பாடு செய்திருந்தது. அதன் பெரிய சில்லான ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395-இல், 128 ஜிபி ராம் இருந்தால் 96 ஜிபியை ஓவியருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இன்டெல் செய்வது பகிர்வின் வரம்பை உயர்த்துவது. ஏஎம்டி வழியில் ஒதுக்கிய பங்கு விண்டோஸின் கணக்கிலிருந்தே கழிந்துவிடும். 16 ஜிபி வாங்கினோமே, 8 ஜிபிதான் காட்டுகிறதே என்று அப்புறம் பதற வேண்டாம்.

இந்த வசதியால் யாருக்கு லாபம்? இடம் போதாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு. சில விளையாட்டுகள் திறக்கும்போதே கிராபிக்ஸ் நினைவகம் எவ்வளவு என்று கேட்கும். போதாது என்றால் திறக்காது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டுகிறவர்களுக்கும் அதே கதைதான். 9 ஜிபி அளவுள்ள மாதிரியை 8 ஜிபி வரம்புக்குள் முழுசாக ஏற்ற முடியாது. வரம்பை உயர்த்தினால் ஏறிவிடும். அங்கே டிரைவர் அப்டேட் உண்மையிலேயே கதவைத் திறக்கிறது.

ஆனால் உள்ளே போனவர் எவ்வளவு வேகமாக வேலை செய்வார் என்பது வேறு கணக்கு. அதற்கு அறையின் அளவு உதவாது. நடையின் அகலம்தான், அதாவது ராமிலிருந்து விநாடிக்கு எவ்வளவு தகவல் வந்து சேர்கிறது என்பதுதான் உதவும்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பல லேப்டாப்களில் இருக்கிற டிடிஆர்-4, 3200 வேக ராம் ஒரே ஒரு ஸ்டிக் இருந்தால், விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தகவலைக் கொண்டுபோகும். அதே ராம் இரண்டு ஸ்டிக் போட்டால் 51.2. இதைத்தான் கடைக்காரர்கள் டூயல் சேனல் என்கிறார்கள். புதிய லேப்டாப்களில் பலகையோடு ஒட்டி வருகிற எல்பிடிடிஆர்-5எக்ஸ் ராம், 8533 வேகத்தில் 136 ஜிபிக்கு மேல். தனி வீட்டு ஓவியரான ஆர்டிஎக்ஸ் 4060-க்கு, லேப்டாப்பில் 256.

9 ஜிபி மாதிரிக்கே வருவோம். அது ஒரு பதிலைச் சொல்துண்டு சொல்துண்டாக எழுதுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அந்த 9 ஜிபியையும் பெரும்பாலும் ஒருமுறை முழுசாக வாசித்தாக வேண்டும். நடை 51 ஜிபி அகலம் என்றால் விநாடிக்கு ஐந்தாறு துண்டு. அதுதான் உச்சம். ஒரே ஸ்டிக் என்றால் மூன்றைத் தாண்டாது. நகர்த்தியை 87-க்குத் தள்ளினாலும் இந்த எண் நகராது.

இப்போது மருமகளின் லேப்டாப்புக்குத் திரும்புவோம். பதினோராம் தலைமுறை இன்டெல் ஐ-5, 8 ஜிபி ராம். கோர் அல்ட்ரா இல்லை என்பதால் அந்த நகர்த்தி அவளுக்கு வரவே இல்லை. ஆனால் டாஸ்க் மேனேஜரில் வேறொன்று கண்ணில் பட்டது. ஷேர்டு மெமரி 3.9 ஜிபியில் கட்டடம் பிடித்திருந்தது ஒன்றே கால் ஜிபிதான். அறையில் மூன்றில் இரண்டு பங்கு காலி. ஆனாலும் ஓவியர் மூச்சு வாங்குகிறார். அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி என்பதைத் தொட்டேன். ஸ்லாட்ஸ் யூஸ்டு, இரண்டில் ஒன்று என்று இருந்தது. குற்றவாளி அகப்பட்டான்.

திங்கட்கிழமை இருவரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே மேசையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். "சாஃப்ட்வேர் டிரைவர் செய்யாததை இந்த ஸ்க்ரூ டிரைவர் செஞ்சிடும் சார்." பின்மூடியைக் கழற்றி, ஏற்கெனவே இருந்ததைப் போலவே இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைச் சாய்த்துச் செருகி, அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம். வேலை முடிந்தது.

கணினியைப் போட்டதும் அவர் காட்டியதை நான் மறக்க மாட்டேன். டிவைஸ் மேனேஜரில் அதுவரை இன்டெல் யுஹெச்டி கிராபிக்ஸ் என்று இருந்த பெயர், இப்போது இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்று மாறியிருந்தது. சில்லு அதேதான். இரண்டு சேனலிலும் ராம் இருந்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம் என்பது இன்டெல் வைத்த விதி. ஒற்றை ஸ்டிக் என்றால் பெயரும் சாதா.

"அப்போ ரெண்டு வருஷமா இவன் பேரே வேறயா மாமா?" என்றாள்.

சமுதாயக்கூடம் அன்று மாலை ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டியது. பம்பரம் மாதிரி என்று சொல்ல மாட்டேன். கோயில் தேர் மாதிரி, ஆனால் நிற்காமல்.

நேயர்களே, டிரைவரைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழை திருத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை. ஆனால் லேப்டாப் நிறுவனத்தின் தளம், சில்லு நிறுவனத்தின் தளம், விண்டோஸ் அப்டேட், இந்த மூன்று இடங்களைத் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள். உங்கள் டிரைவர் பழசாகிவிட்டது, உடனே இதை அழுத்து என்று திரையில் குதிக்கிற மென்பொருளை அண்டவிடாதீர்கள்.

இன்னொரு வித்தையும் உலவுகிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை எழுதினால் கிராபிக்ஸ் நினைவகம் 512 எம்பி என்று காட்டுமாம். காட்டும். காட்ட மட்டும்தான் செய்யும். விளையாட்டு அதை நம்பித் திறக்கவும் கூடும். ஆனால் குடிசை வாசலில் பங்களா என்று பலகை மாட்டினால் உள்ளே மாடி முளைத்துவிடுமா?

கோர் அல்ட்ரா வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 87 சதவீதம் என்பது முடிந்த அளவு, தேவையான அளவு அல்ல. ராம் 16 ஜிபி இருந்து, அதில் 14 ஜிபியை ஓவியர் பிடித்துக்கொண்டால், விண்டோஸும் பிரவுசரும் மீதி இரண்டில் நெருக்கியடிக்கும். இடம் போதாமல் டிஸ்க்குக்குப் போய்ப் போய் வரும். அப்போது மொத்த வீடும் மெதுவாகிவிடும். தேவைப்படுகிற வேலைக்குத் தேவைப்படுகிற அளவு உயர்த்துங்கள். முடிந்ததும் பழைய இடத்துக்கே தள்ளிவிடுங்கள்.

2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் பலகையோடு ஒட்டியே வருகிறது, பிறகு சேர்க்கவும் வழியில்லை. ஆகவே இடம் போதவில்லையா, நடை போதவில்லையா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். அடுத்த முறை லேப்டாப் வாங்கப் போகும்போது எத்தனை ஜிபி ராம் என்று எப்படியும் கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "ஒரே ஸ்டிக்கா, ரெண்டா?" கடைக்காரர் ஒரு நொடி உங்களை ஏறிட்டுப் பார்ப்பார். பரவாயில்லை, பதில் வரும் வரை நில்லுங்கள்.